கண்ணப்பர் கதையும் சத்தியமும்

திருப்பதி மாவட்டத்து வரதய்யபாளையம் பகுதியிலிருந்து ஸ்ரீகாளஹஸ்திக்குச் செல்லும் அன்பர்கள், மலைமீதுள்ள கண்ணப்பர் சந்நிதியையும் தரிசிக்கிறார்கள். ஆறே நாட்கள் வழிபட்ட வேடர், குருதி பெருகிய இறைவனின் திருவிழியில் தம் கண்ணையே அம்பினால் அகழ்ந்து அப்பிய வரலாற்றைக் குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள். ‘இது உண்மையாகவே நடந்ததா?’ என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

‘கேள்வி கேட்காதே, நம்பு’ என்று அதட்டினால், வளர்ந்தபின் அப்பிள்ளை கதையோடு பக்தியையும் உதறிவிடக்கூடும். ‘வெறும் கற்பனை’ என்றாலோ, கதையின் உட்பொருளும் போய்விடும்.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் கண்ணப்பரைச் சில சொற்களில் வணங்கினார். நம்பியாண்டார் நம்பி அதைச் சற்றே விரித்தார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் ஊர், பெற்றோர், நண்பர், வேட்டை அனைத்தையும் அமைத்துப் பெருங்காவியமாகப் பாடினார். பின்னர் தெலுங்கில் தூர்ஜடியும் பாடினார். வழிவழி வந்த செய்தி எங்கே முடிகிறது, கவியின் உள்ளம் எங்கே தொடங்குகிறது என்று இன்று கோடு கிழிக்க இயலாது.

இத்தகைய இடங்களுக்கு நம் முன்னோர் வழி கண்டிருக்கிறார்கள். மீமாம்சகர்கள் வேதத்தில் வரும் கதைகளையும் புகழுரைகளையும் அர்த்தவாதம் என்பர். நாம் வேறு வகையில் அறிந்ததையே கூறுவது அநுவாதம். அறிந்ததற்கு முரணாயினும் ஒரு குணத்தை உயர்த்திக் காட்டுவது குணவாதம். முரணும் இன்றி, வேறு சான்றும் இன்றி நிற்பது பூதார்த்தவாதம். மூன்றின் தாத்பரியமும் அவை நம்மை எதில் ஏவுகின்றனவோ அதில்தான் உள்ளது.

இந்த நோக்கில் பார்த்தால், காளஹஸ்தி மலை கண்முன் நிற்கிறது, அது அநுவாதம். கல்லில் குருதி பெருகியது குணவாதம். அங்கே ஒரு வேடர் தம்மை மறந்து அன்பு செய்தார் என்பது பூதார்த்தவாதம். விதியறிந்த சிவகோசரியாரின் பூஜைக்கும் மேலாக, விதியறியாத அன்பை இறைவன் ஏற்றான் என்பதே தாத்பரியம். பிள்ளைக்கு இதை எளிய சொற்களில் சொல்லலாம்.

கதையைக் கதையாகச் சொல்வதில் பொய் இல்லை. அதற்கு இல்லாத சான்றுகளைக் கற்பித்து, ‘விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது’ என்று மேடையில் முழங்கும்போதுதான் பொய் நுழைகிறது. பக்திக்கு அந்த ஊன்றுகோல் வேண்டாம். கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்தது. ஆண்டும் நாளும் அறியப்படாத கண்ணப்பரின் அன்பு இன்றும் உள்ளங்களை உருக்குகிறது.

ஆகவே, சொல்பவர் சத்தியத்தைக் காக்கட்டும்; கேட்பவர் தாத்பரியத்தைப் பற்றட்டும். கண்ணப்பர் கண்ணைத் தந்தார். நாம் நம் அகந்தையில் ஒரு துளியையேனும் இறைவன் திருவடியில் வைக்க முயல்வோமாக!