பழியும் பொறுப்பும்

"சோம்பேறி", "பிடிவாதக்காரன்", "ஆட்களோடு சேரத் தெரியாதவன்" என்ற சொற்களைக் கேட்டே வளர்ந்த ஒருவருக்கு, நாற்பது வயதில், ஓட்டிசமும் கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டு நிலையும் ஒருங்கே உள்ளன என்று வைத்தியர் கூறுகிறார். அப்படியாயின் இதுவரை அவர்மீது சுமத்திய பழி என்னாவது? இனி அவருக்குப் பொறுப்பே இல்லையா?

இவ்விரண்டும் சிறுவயது முதலே மூளையின் வளர்ச்சியோடு அமைபவை, வளர்ப்பின் குறையல்ல. ஒன்று மாறாத ஒழுங்கை நாடும். மற்றது அதே ஒழுங்கில் விரைவில் சலிப்படையும். ஒன்று மற்றதை மறைப்பதும் உண்டு. அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல் திருத்தப்படும்வரை, இரண்டையும் ஒருவரிடத்தே சேர்த்துக் குறிப்பிட இடமளிக்கவில்லை. கற்றோரே அவ்வாறு நோக்கியபோது அயலார் அறியாதிருந்தது வியப்பன்று.

பழி வேறு, பொறுப்பு வேறு. இயலாமையைக் குணக்கேடாகக் கண்ட பழி நீங்கவேண்டும். ஆனால் கொடுத்த வாக்கை ஒருவர் மறந்தால், அதை நம்பியிருந்தவரின் இழப்பு வைத்தியரின் சொல்லால் தீர்ந்துவிடாது. ஆகவே எழுதிவைத்தல், நினைவூட்டுமாறு பிறரைக் கேட்டல், தன்னால் இயலாததை முன்கூட்டியே சொல்லுதல் ஆகியன அவர் கடன். அவற்றை நகையாது இடங்கொடுத்தல் நம் கடன்.

மேளச் சத்தம் தாங்காது வெளிவீதியில் தனித்து நின்று கும்பிடுபவரைப் பக்தியற்றவர் என்று எண்ணாதிருப்போமாக. அவரும் கும்பிடவே வந்திருக்கிறார்.