யாருக்காக இந்தக் குளியல்?

குழந்தையைக் குளிப்பாட்டுகையில் அது வீறிட்டு அழுதால், தாய் முதலில் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறாள். சூடு மிகுந்ததோ, கண்ணில் நுரை பட்டதோ என்று காரணம் தேடுகிறாள். எண்பது வயது மூதாட்டி வீறிட்டால் மட்டும், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோமே, ஏன் தோழர்களே?

அமெரிக்க முதியோர் இல்லங்களில் பன்னெடுங்காலம் நடந்த காட்சி ஒன்றைக் காண்போம். குறித்த நாள், குறித்த வேளை. நினைவிழப்பு நோயால் தம் பெயரையே மறந்துவிட்ட அம்மையாரை எழுப்பி, ஆடை களைந்து, மெல்லிய துணியொன்றைப் போர்த்தி, சக்கர நாற்காலியில் தள்ளிச் செல்வர். ஓடு பதித்த குளிர்ந்த அறை! தலைமீது திடுமெனப் பாயும் நீர்! அறிமுகமில்லாக் கைகள்! அவர் அலறுவார், கிள்ளுவார், அடிப்பார். இருவர் பிடித்துக்கொள்ள மற்றொருவர் தேய்ப்பார். பிறகு ஏட்டிலே ஏறும், 'முரட்டுத்தனம்' என்ற சொல்.

எது முரட்டுத்தனம்? அன்னியர் தம் ஆடையை உரியும்போது எதிர்ப்பது அறிவு அழிந்ததன் அடையாளமா, அழியாமல் எஞ்சியிருப்பதன் அடையாளமா? சொல்லை இழந்தவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லக் கைதானே மிச்சம்!

இல்லவாசிகளைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே கூறிற்று. சட்டம் சொன்னதைச் செய்துகாட்டும் வழியைப் பிலிப் ஸ்லோன் என்ற மருத்துவரும் ஜோவான் ரேடர் என்ற செவிலியரும் அவர்தம் குழுவினரும் தேடினர். ஆரிகன், வட கரோலைனா மாநிலங்களின் 15 இல்லங்களில், குளியலின்போது கொந்தளித்த 73 முதியவரிடையே ஆய்ந்து, 2004இல் முடிவை வெளியிட்டனர். ஒரு முறை, அவரவர் விருப்பம் அறிந்து, உடலை மூடியவாறே, பேச்சுக்கொடுத்து நடத்தும் ஷவர்க் குளியல். மற்றொன்று துவாலைக் குளியல். அலசத் தேவையற்ற சோப்புக் கலந்த வெந்நீரில் நனைத்த பெரிய துவாலையால் படுக்கையிலேயே போர்த்தி, அதன் மேலாக மெல்ல நீவித் துடைப்பது. குளிர் இல்லை, கூச்சம் இல்லை, நாற்காலிப் பயணமும் இல்லை.

அடிதடி நிகழ்ச்சிகள் முதல் முறையில் 53 விழுக்காடும், இரண்டாவதில் 60 விழுக்காடும் குறைந்தன. அழுக்கு தங்காதா, கிருமி பெருகாதா என்று கேட்பர் சிலர். அதையும் சோதித்தனர். தீய கிருமிகள் பெருகவில்லை, தோலும் கெடவில்லை. ஆகவே பீறிடும் நீரும் பிடித்தழுத்தும் கையும் தூய்மைக்காக அல்ல. வழக்கத்துக்காக! கேள்வி கேளாத வழக்கம் எத்துணைக் கொடியது என்பதை இவ்விதழ் வாசகருக்கு நாம் விளக்கவும் வேண்டுமோ?

மலம் பட்டுக் கிடப்பவர் மறுத்தால் அப்படியே விட்டுவிடுவதா என்பது நேர்மையான வினா. விடமுடியாது. புண்ணாகும். ஆனால் அழுக்குப்பட்ட இடத்தைத் துடைக்க, ஆளையே நிர்வாணமாக்கித் தலையில் நீர் ஊற்றுவானேன்? அவ்விடத்தை மட்டும், சொல்லிவிட்டு, மூடியபடி துடைக்கலாம். தலையை மற்றொரு நாள் கழுவலாம்.

நேரம் ஏது என்பர் நிருவாகத்தினர். துவாலைக் குளியலுக்குக் குறிப்பிடத்தக்க மிகுதி நேரம் ஆகவில்லை. திருத்திய ஷவர்க் குளியலுக்குக் கூடியது சராசரி 3.3 நிமிடம். அந்த மூன்று நிமிடத்தையும் பணிப்பெண்ணின் உணவு வேளையிலிருந்து பிடுங்காதீர், இல்லத்தின் செலவுக் கணக்கில் எழுதுங்கள் என்கிறோம். குறைந்த கூலிக்குக் குளிப்பாட்டும் அவளுடைய கையிலும் நகக்கீறல் இருக்கிறது.