போதனையும் பொறுப்பும்

விவசாயத் திணைக்களத்தின் கள உத்தியோகத்தருக்கு நம் நாட்டில் வழங்கும் பெயர் 'விவசாயப் போதனாசிரியர்' என்பதாகும். இப்பெயரைச் சற்று நின்று கவனித்தல் வேண்டும். போதிப்பவர் ஒருவர், கேட்டு நடப்பவர் மற்றொருவர். முன்னவருக்கு மாதச் சம்பளம் உண்டு. பின்னவருக்கு விளைந்தால்தான் சோறு. போதனை பிழைத்துப் போனால் அந்த நட்டத்தை ஏற்க வேண்டியவர் யார்?

கண்டிக்கு அருகே, பேராதனைப் பூங்காவின் எதிர்க்கரையில் கன்னொறுவை இருக்கிறது. 1912இல் தோன்றிய விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் அங்கே இயங்குகின்றன. அத்திணைக்களம் செய்ததெல்லாம் வீண் என்று கூறுவது பேதைமை. 1958இல் பத்தலகொடையிலிருந்து வெளிவந்த எச்-4 நெல்லினம் எத்தனையோ ஏழைகளின் களத்தை நிறைத்தது. அதே ஆண்டில் பிலிப் குணவர்த்தனா கொணர்ந்த நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. வாரத்துக்கு உழுபவனும் வாய் திறந்து பேசக்கூடிய இடங்களாக அவை அமைந்திருக்க வேண்டும். நிலவுடைமையாளரின் எதிர்ப்பும் சட்டத்தின் ஓட்டைகளும் அவற்றை நலிவித்தன. புதிய விதை கிராமத்தில் நிலைத்தது. உழுபவனின் பேச்சு நிலைக்கவில்லை. பின்னர், 1980களின் இறுதியில், 2,000க்கும் மேற்பட்ட கிராம விரிவாக்க ஊழியர்கள் கிராம சேவகர்களாக மாற்றப்பட்டனர். வயலைப் பார்க்க வந்தவர்கள் படிவம் நிரப்பப் போனார்கள்!

இப்படி மேலிருந்து கீழே மட்டும் பேசிப் பழகிய ஓர் அமைப்பின் மீதுதான் 2021 மே மாதத்து ஆணை வந்து விழுந்தது. இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நஞ்சில்லா விளைச்சல் நல்ல இலட்சியந்தான். மலைநாட்டு மரக்கறிச் சரிவுகளில் பசளை அளவு மீறிக் கொட்டப்படுவதைக் கண்டவர் எவரும் அதை மறுக்கமாட்டார். ஆனால் யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். கூட்டெருவிலோ பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதமே. ஒரே போகத்தில் இந்த இடைவெளியைத் தாண்ட இயலாது எனப் பேராதனை விஞ்ஞானிகள் எச்சரித்தனர். வெளிப்படையாகக் கண்டித்த பேராசிரியர் ஒருவர் அமைச்சுப் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார்.

போதனாசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாததன்று. தெரிந்தும், மறுநாட் காலையில் வயல் வரம்பில் நின்று, சேதனப் பசளையே போதும் என்று அவர் கூறவேண்டும். மறுத்தால் அவர் பிழைப்புக்கு ஆபத்து. அவருக்கும் குடும்பம் உண்டு. அவரைப் பழிப்பது எளிது. நம்பாத பாடத்தைப் பரீட்சைக்காக நடத்தாத ஆசிரியர் நம்முள் எத்தனை பேர்? ஆயினும் பிழையான பாடத்தால் மாணவன் ஓராண்டை இழப்பான்; விளையாத வயலால் ஒரு குடும்பமே கடனில் மூழ்கும். ஆகவே "இது அரசாங்கத்தின் ஆணை; நான் கற்றது வேறு; இரண்டையும் கேட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லுமளவு நேர்மையையாவது அவரிடம் எதிர்பார்க்கலாம். அவ்வாறு சொல்பவரின் வேலையைக் காப்பது அவருடைய சங்கத்தின் கடமை, நம்முடைய கடமையுமாகும். புத்திமதியை ஏற்கத் தயங்கும் விவசாயியைப் பழமைவாதி என்கிறோம். பரிசோதனை தோற்றால் பட்டினி கிடக்கப்போகிறவன் அவன்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபா நட்டஈடு அறிவிக்கப்பட்டது. பிழை தன்னுடையதே என அரசு ஒப்புக்கொண்டதற்கு ஒப்பானது இது.

ஆனால் நட்டப்பட்டவர் நெல் விதைத்தவர் மட்டுந்தானா? ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் தேயிலைச் செய்கை தொடங்கிய காலந்தொட்டு இம்மண்ணோடு மல்லாடும் தோட்ட மக்களை எந்தப் போதனாசிரியர் தேடிச் சென்றார்? லயத்தின் பின்புறத்தில் போஞ்சியும் லீக்ஸும் நடுபவர்களிடம் காணி உறுதி இல்லை. எனவே கமநல சேவை நிலையத்தின் ஏட்டில் விவசாயி என்று பதிவாவதும் அரிது. பசளையின்றித் தேயிலையும் வாடியது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியளவுக்கு இறங்கிற்று. நாட்கூலிக்கு இத்தனை கிலோ என்று கணக்கு வைக்கும் தோட்டங்களில், கொழுந்தில்லாத செடியைத் தடவிவிட்டு வந்த பெண்ணுக்கு அரைப்பேர் விழுந்தது. பசளையை நிறுத்தச் சொன்னவள் அவளல்லள்.