பாட்டியின் மூச்சு

போன வருஷம் நவராத்திரிக்கு எங்கள் தாமான் கோயிலில் ஒரு பாட்டி தேவாரம் பாடினார். மிருதங்கம் அடியேன். ஏழு வருஷம் கற்ற மிதப்பு எனக்கு. பாட்டிக்கு மூச்சு நீளவில்லை, வரிக்கு வரி நின்றுதான் பாடினார். கிடைத்த இடைவெளியில் எல்லாம் நான் புகுந்து விளையாடினேன். நண்பர்கள் வீடியோ எடுத்தார்கள், கை தட்டினார்கள். மூன்றாம் பாட்டின் பாதியில் அவர் நிறுத்திவிட்டு, "நீயே வாசிப்பா, நான் கேக்கறேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் சுட்டது.

கலை 'நான்' என்பதைக் கரைக்கும் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஏறக்குறைய 1000 ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் அபிநவகுப்தர் இதை நுணுக்கமாக ஆராய்ந்தார். நாடகத்தில் காணும் துயரம் அந்தப் பாத்திரத்துக்கு மட்டும் சொந்தமில்லை, பார்ப்பவனுக்கு மட்டும் சொந்தமில்லை, பொதுவாகிவிடுகிறது என்றார். அப்படி ரசிக்கத் தெரிந்தவருக்கு 'சஹ்ருதயர்' என்று பெயர். ஒத்த இதயம் உள்ளவர். சரி, அன்றைக்கு எனக்கு ஏன் எதுவும் கரையவில்லை? கலை இருந்தது, அம்மன் எதிரிலேயே இருந்தாள்!

உருமி அடிக்கும் என் அறைத்தோழன், "தைப்பூசத்துல அடிக்கும்போது நான் இருக்கறதே தெரியாதுடா" என்பான். நம்புகிறேன். ஆனால் நான் மறைந்தால் மட்டும் போதுமா? பக்கத்தில் ஒருவர் மூச்சு வாங்குவது காதில் விழ வேண்டாமா? நம்மை மறக்கும் வேகத்தில் அவரையும் சேர்த்து மறந்துவிட முடியும்.

இயந்திரப் பொறியியல் படிக்கிறவனுக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. சாதாரணத் தோல் கருவியில் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வின் முழு மடங்குகளாக அமையாது. அதனால் சுருதி தெளிவாக நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக இருக்கிறதே, அந்தக் கரணைதான் அவற்றை முழு மடங்குகளுக்கு அருகில் இழுத்து வருகிறது. சர் சி.வி. ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் இந்த இசைவைப் பற்றி எழுதினார். பாடுகிறவர் குரலோடு சேரும்படி யாரோ பெயர் தெரியாத கைகள் ஒரு தோலைப் பழக்கியிருக்கின்றன. தோலுக்கு இருந்த பணிவு எனக்கு இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். தாத்தா இறந்தபிறகு அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பாடினாராம். எனக்குப் பேச்சு வரவில்லை. "மிருதங்கம் கொண்டாந்தியா?" என்று அவரே கேட்டார்.

வெறும் சர்வலகு மட்டும் வாசித்தேன். அவர் நின்ற இடத்தில் கையும் நின்றது. மண்டபத்து மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி எந்த இடத்தில் எடுப்பார் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்றைக்கு யாரும் வீடியோ எடுக்கவில்லை.