கல்லாவும் கல்பும்

 

உலக மக்களின் மகிழ்ச்சியை அளந்து ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறார்கள். 2025-ம் ஆண்டு அறிக்கையில் 147 நாடுகளுள் நம் மலேசியாவுக்கு 64-வது இடம். முந்திய ஆண்டில் 59-வது இடம். 2022-ல் கிஸி என்னும் நிறுவனம் 100 நகரங்களை ஒப்பிட்டு, மக்கள் அளவுக்கு மீறி உழைக்கும் நகரங்களை வரிசைப்படுத்தியது. துபாய் முதலாவது, ஹாங்காங் இரண்டாவது, நம் கோலாலம்பூர் மூன்றாவது!

மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும், பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளானிலும் கடை வைத்திருக்கும் நமக்கு இது புதுச் செய்தியா? விடிய விடிய விளக்கெரியும் சாப்பாட்டுக் கடைகள் நம்முடையவை அல்லவா?

அந்த மகிழ்ச்சிக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? அடியில் சைபர், உச்சியில் பத்து என்று ஓர் ஏணியை மனத்தில் எண்ணச் சொல்லி, ‘உன் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது?’ என்று கேட்கிறார்கள். சிந்தியுங்கள் சகோதரர்களே! ஏணி என்றதும் நம் கண் மேல்படியில் நிற்பவன் மீதுதானே போகிறது? பக்கத்துக் கடைக்காரர் இரண்டாவது கடை திறந்தால், நம் கல்லா நிறைந்திருந்தும் கல்பு வெறுமையாகி விடுகிறது. ‘தகாஸுர்’ என்னும் ஸூராவில் 8 ஆயத்துகளே உள்ளன. சேர்த்துப் பெருக்கும் போட்டி மனிதனைக் கப்ரு வரை மறதியிலேயே இழுத்துச் செல்லும் என்பது அதன் எச்சரிக்கை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, உலக வாழ்வில் நமக்கு மேலே உள்ளவரைப் பாராமல் கீழே உள்ளவரைப் பார்க்கும்படி உபதேசித்தார்கள்.

கீழே உள்ளவரைத் தூரத்தில் தேட வேண்டாம். நம் கடையிலேயே நிற்கிறார். பிள்ளை குட்டிகளை ஊரில் விட்டுவிட்டுக் கடல் கடந்து வந்தவர். நம் மேசைகளில் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது. பரிமாறுகிறவரோ மாலை 4 மணிக்கு அடுப்படி மூலையில் தனியாக நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறார். பிறரோடு கூடி உண்பவர்களுக்கே மனநிறைவு மிகுதி என்று அந்த 2025-ம் ஆண்டு அறிக்கையே கூறுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் 1400 ஆண்டுகளுக்கு முன்பே வழி காட்டிவிட்டார்கள்: உணவு சமைத்துக் கொண்டு வரும் பணியாளரை உடன் அமர்த்திக்கொள்ள வேண்டும், இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது அவருக்குக் கொடுக்க வேண்டும், ஏனெனில் அடுப்பின் வெக்கையைத் தாங்கியவர் அவரே!

1863-ல் தோன்றிய மஸ்ஜித் இந்தியாவில் ரமலான் தோறும் நோன்புக் கஞ்சி வழங்கப்படுகிறது. முதலாளியும் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து அருந்துகிறோம். அந்த ஒரு மாதத்தின் பரக்கத்தை மற்றப் பதினொரு மாதமும் நாம் ஏன் இழக்க வேண்டும்?

‘வாடகை ஏறிவிட்டது; ஆள் கிடைப்பதில்லை; கடையைச் சாத்திவிட்டா சாப்பிடுவது?’ என்று கேட்பீர்கள். சாத்த வேண்டாம். லுஹருக்கும் அஸருக்கும் இடையே ஆள் மாற்றி ஆள் கடையைப் பார்த்துக்கொள்ள, ஒரு சஹனைச் சுற்றி நாலு பேர் உட்காரக் கால் மணி நேரம் போதும். அதில் முதலாளியும் ஒருவராக இருக்கட்டும்.

ஆனால் சோற்றைப் பகிர்ந்துவிட்டு உரிமையை மறுக்கலாகாது. 2023 ஜனவரி 1 முதல் இந்நாட்டுச் சட்டம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்துள்ளது. வாரம் ஒரு நாள் ஓய்வும் உண்டு. கூலியையும் ஓய்வையும் நிறுத்தி வைத்துக்கொண்டு, ‘சபுர் செய் தம்பி’ என்று சொல்வது மார்க்கமாகாது.

சகோதரர்களே! நம் நகரம் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று மறுமையில் நம்மிடம் கேட்கப்படாது. நம் பொறுப்பில் இருந்தவர்களை எப்படி வைத்திருந்தோம் என்பது நிச்சயம் கேட்கப்படும்.

அல்லாஹுத்தஆலா நம் கல்லாவில் ஹலாலையும், கல்பில் நிறைவையும், நம் சஹனில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.