தேன் பாறைக்கு வழி

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறும் பஸ்ஸில் பதினோரு வருஷம் போய்வந்தேன். "பொம்பளப் புள்ளைக்குக் கால்ல சக்கரமா?" என்பாள் அம்மா. சக்கரம் பஸ்ஸுக்குத்தான் இருந்தது. எனக்கு ஜன்னலோரம், மடியில் திருத்தாத விடைத்தாள்கள், காலடியில் யாருடையதோ பலாப்பழம். காசி, கயிலை, லடாக் என்று ஒரு நோட்டில் ஊர்ப் பெயர்கள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றையும் பார்த்ததில்லை. ஊர் தாண்டிப் போகிறவருக்குத்தான் ஏதாவது புலப்படும் என்ற எண்ணம் இருந்தது. எனக்கு அது வாய்க்கவில்லை என்ற குறையும் கூடவே இருந்தது.

வீட்டில் அதற்கு ரமணரைக் காட்டுவார்கள். 1896 செப்டம்பரில் திருவண்ணாமலை வந்தவர், 1950இல் மறையும்வரை அந்த மலையை விட்டு அகலவில்லை. "உக்காந்த இடத்துலயே எல்லாத்தையும் பாத்தாரு." சரிதான். ஆனால் அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் மதுரையில் ரயிலேறியவரும் அவர்தானே? அந்த ஒரு பயணத்தை ஏன் யாரும் எனக்கு எடுத்துச் சொல்வதில்லை?

ஒரு வருஷம் பத்தாம் வகுப்பில் மலைபடுகடாம் நடத்திக்கொண்டிருந்தேன். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். எங்கள் ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு அதில் ஓடுகிறது. மலையடியில் இருக்கும் செங்கம்தான் பாட்டின் தலைவனான நன்னன் என்ற அரசனின் ஊர். அவனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே பசியோடு வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். பன்றிக்குக் கல்பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு நட. தினைப்புனம் காப்பவர்களின் கவண்கல் பாய்ந்து வரும், ஒதுங்கிப் போ. பாசியில் கால் வழுக்கும். நடுகல் வந்தால் வணங்கு. (செங்கம் வட்டாரத்தில் எத்தனை நடுகற்கள்! தொல்லியல் துறை அவற்றுக்கென்றே ஒரு நூல் போட்டிருக்கிறது.) சிற்றூரில் உன் வீட்டுக்குள் போவதுபோல் உரிமையோடு நுழை, தினைச்சோறு கிடைக்கும்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மலையாளிப் பழங்குடிப் பையன் எழுந்தான். "மிஸ், பரிசு வாங்கினவன் வழிய எதுக்குச் சொல்றான்? எங்கப்பா தேன் எடுக்கிற பாறைய யாருக்கும் சொல்ல மாட்டாரு. சொன்னா அடுத்த தடவ தேன் இருக்காது."

"நன்னன்கிட்ட நிறைய இருந்துச்சு" என்று சமாளித்தேன். பஸ்ஸில் இறங்கும்போது என் பதிலை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

தமிழில் ஆறு என்றால் நதி, ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துவது, அதாவது வழிகாட்டி அனுப்புவது, என்ற அதே வடிவத்தைத்தான் நக்கீரர் முருகனுக்கு எடுத்துக்கொண்டார். திருமுருகாற்றுப்படை பதினோராம் திருமுறையிலும் சேர்ந்தது. அங்கே வழி சொல்பவனுக்கு நஷ்டம் இல்லை. அருள் பங்கு போட்டால் குறையாது. அரசனின் களஞ்சியம் அப்படியா? குறையும். அடுத்த மழைக்காலத்தில் தானே மறுபடி அந்த வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்று கூத்தனுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னான். பக்தனைவிட இந்தக் கூத்தன்தான் எனக்குப் பெரியவனாகத் தெரிகிறான். அவன் நன்னனின் வாசலிலேயே தங்கிவிடவில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது. போனான், பெற்றான், திரும்பினான். வழியில் ஒருவனைக் கண்டதும் நின்றான். என் நோட்டில் போக வேண்டிய ஊர்கள் மட்டும் இருந்தன. திரும்பும் வழியில் யாரைப் பார்ப்பேன் என்று நான் யோசித்ததே இல்லை.

அந்தத் தை மாதம் பிள்ளைகளைக் காவலூருக்குக் கூட்டிப்போனோம். 1986இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் வைத்த வானாய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் பெரிய குவிமாடம். 1977இல் யுரேனஸின் வளையங்களை இந்த மலையிலிருந்தும் கண்டறிந்தார்கள். பிள்ளைகளுக்குக் காட்டியது சிறிய தொலைநோக்கி. ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளிலிருந்து கிளம்பிய ஒளி 25 லட்சம் வருஷம் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது என்று அங்கிருந்தவர் சொன்னார். குளிரில் பாதிப் பேர் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

தேன் பாறைப் பையனின் முறை வந்தது. கண்ணை வைத்தவன் கொஞ்ச நேரம் அசையவில்லை. சட்டென்று விலகி, பின்னால் நின்ற பெண்ணைத் தோளில் தொட்டு முன்னே தள்ளினான்.

"குழாயத் தொடாத, ஆடிடும். ஒரு கண்ண மூடு. இன்னும் கொஞ்சம் கீழ குனி... தெரியுதா?"