கண்ணுக்கும் ஒரு கடன் உண்டு

கொழும்புக் கோட்டையிலிருந்து காலி செல்லும் கரையோரப் புகையிரதத்தில் ஒரு நாட் பிரயாணம் செய்வது, நம் நாட்டில் எளிய குடும்பங்களுக்கும் எட்டக்கூடிய இன்பங்களுள் ஒன்றாகும். 1894இல் காலியை எட்டிய இப்பாதை, பல இடங்களில் அலைகளுக்கு மிக அண்மையாகவே ஓடுகிறது. வலப்புற யன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. களுகங்கை கடலொடு கலக்கும் களுத்துறை, தென்னஞ்சோலைகள், ஈற்றில் ஒல்லாந்தர் பலப்படுத்திய காலிக் கோட்டை என்று கண்ணுக்கு விருந்து தொடர்கிறது.

ஆயினும் வாசகரே, பார்த்து மகிழ்வதற்கும் ஒரு நெறி உண்டா என்று நாம் சிந்தித்ததுண்டா?

அதே பாதையில், ஹிக்கடுவையை அடையுமுன், பெரேலிய என்னும் கிராமம் வருகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, மாத்தறை நோக்கிச் சென்ற புகையிரதம் கடல்நீரால் அங்கே தடைப்பட்டு நின்றது. முதலலைக்கு அஞ்சிய ஊரவர், இரும்பு வண்டி தம்மைக் காக்குமென நம்பி அதில் ஏறினர். அடுத்து வந்த பேரலை வண்டியையே புரட்டி எறிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்று அவ்விடத்தை நாம் சில கணங்களில் கடந்துவிடுகிறோம்.

காலிக்கு அப்பால் கொக்கலைக் கரையில், கடலில் நட்ட கம்பங்களின்மேல் அமர்ந்து தூண்டில் போடுவோரைக் காணலாம். மீன் பிடித்துப் பிழைத்தது ஒரு காலம். இன்று அவர்களுட் பலர், உல்லாசப் பயணிகளின் படத்துக்காகவே அமர்ந்து பணம் பெறுகின்றனர்.

“துக்கம் நிகழ்ந்த இடத்திலெல்லாம் சிரிக்கக் கூடாதென்றால், இந்த நாட்டில் எங்கேதான் சிரிப்பது? படத்துக்குக் கொடுக்கும் காசு அவர் வீட்டில் அடுப்பெரிய உதவுகிறதே!” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மகிழ்ச்சி குற்றமன்று, காசு கொடுப்பதும் குற்றமன்று. பிறருடைய வாழ்வையும் சாவையும் வெறுங்காட்சியாக மட்டும் கண்டு திரும்புவதே குறையாகும்.

நம்மை அவர்கள் இடத்தில் வைத்துப் பார்ப்போம். அதே நாளில் முல்லைத்தீவுக் கரையும் மட்டக்களப்புக் கரையும் தம் பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்தன. அங்கே தெற்கிலிருந்து ஒரு குடும்பம் உல்லாசமாக வந்தால், அவர்கள் அழவேண்டுமென்றா எதிர்பார்ப்போம்? இல்லை. “இங்கே என்ன நடந்தது?” என்று ஒரு வார்த்தை கேட்டாலே நம் மனம் ஆறும். நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் அந்த ஒரு வார்த்தைக்கு, நாமும் கடன்பட்டவர்கள் அல்லவா?

ஆகவே, விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரே, தாராளமாகச் செல்லுங்கள். பாடுங்கள், சிரியுங்கள். ஆனால் பெரேலியவை நெருங்கும்போது அங்கு நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கம்பத்தில் இருப்பவரைப் படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள். இறங்கி வந்தால் அவருடைய பெயரையும் கேளுங்கள். சிங்களம் தெரியாவிடினும் ஒரு புன்னகை போதும். அவ்வாறு பார்த்துத் திரும்பும் பிள்ளை, கடலை மட்டுமன்றி, அதன் கரையில் வாழும் மனிதரையும் கண்டு திரும்பும்.